படிக்கட்டாகச் செதுக்கிய அன்பு: சீனத் தம்பதிகளின் தியாகமும் மனநலமும்

சீனாவின் சோங்சிங் மாநகரத்துக்கு உட்பட்ட ஜியாங்ஜின் வட்டாரத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைக்கு 1950களில் ஒரு ஜோடி ஓடிப்போய்க் குடியேறியது. அந்தப் பெண் சூ சாவோசிங், கணவரை இழந்தவர், நான்கு குழந்தைகளின் தாய். உடன் போன லியூ குவோஜியாங் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஊர் வாய்க்கு அஞ்சி மலையேறியவர்கள் அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்துவிட்டார்கள். மனைவி இறங்கும்போது கால் வழுக்கிவிடக் கூடாதே என்று லியூ பாறையில் படி செதுக்க ஆரம்பித்தார். ஐம்பது ஆண்டுகளில் ஆறாயிரம் படிகளுக்கு மேல் ஆகிவிட்டன. 2000களின் தொடக்கத்தில் மலையேற வந்த சிலர் இவர்களைக் கண்ட பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. அந்தப் படிகளுக்குக் 'காதலின் விண்ணேணி' என்று பெயர் வந்தது. லியூ 2007 இறுதியில் காலமானார். சூ 2012இல் போனார். முடி நரைத்த பிறகும் அவர் கணவரை 'இளந்தாரி' என்றுதான் கூப்பிட்டாராம்.

இந்தக் கதையில் ஒரு சின்ன விவரம் என்னை விடவே இல்லை. சூ வாழ்நாளில் அந்த மலையை விட்டு இறங்கியது மிகச் சில முறைதான். அப்படியானால் அத்தனை படிகளும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சீனக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் அன்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் இந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். அதே அன்பு சில வீடுகளில் ஆளையே நோயாளியாக்குவது ஏன் என்பதும் அதோடு சேர்ந்தே புரியும்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தாம்பத்திய அன்புக்குச் சீன மொழியில் 'என்ஆய்' என்று பெயர். பின்பாதியான 'ஆய்' என்றால் அன்பு, காதல். முன்பாதிதான் முக்கியம். ஒருவர் நமக்குச் செய்த நன்மை, அதனால் நம்மேல் ஏறும் நன்றிக்கடன் இரண்டையும் அது ஒன்றாகக் குறிக்கும். பெற்றோர் பிள்ளைக்குச் செய்ததற்கும், ஆசிரியர் மாணவனுக்குச் செய்ததற்கும் இதே சொல்தான். காதலுக்கு முன்னால் நன்றிக்கடனை வைத்துத்தான் அந்தச் சொல்லையே கட்டியிருக்கிறார்கள். 'ஒரு நாள் கணவன் மனைவியாக வாழ்ந்தால் நூறு நாள் நன்றிக்கடன்' என்பது அங்கே எல்லோரும் அறிந்த பழமொழி. சண்டை முற்றி ஒருவர் பெட்டியைக் கட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வதும் இதைத்தான்.

தைவானின் உளவியலாளர் லி சுய்-ஷான் 1990களின் பிற்பகுதியில் இதை ஆய்வாகவே செய்தார். மேற்கத்திய அளவுகோல்கள் நெருக்கம், மனம் திறந்த பேச்சு, ஈர்ப்பு போன்றவற்றை அளந்தன. தைவான் தம்பதிகளோடு பேசிப் பார்த்தபோது அவருக்கு நான்கு இழைகள் தெரிந்தன. நன்றியுணர்வு, மதிப்பு, நெருக்கம், மனப்பொருத்தம். முதல் இரண்டும் நன்றிக்கடன் பக்கம் சேரும், மற்ற இரண்டும் காதல் பக்கம். 'இந்த மனுஷி என் அம்மா படுக்கையில் கிடந்தபோது மலம் அள்ளினாள், அதை நான் மறக்க மாட்டேன்' என்று ஒரு கணவர் நினைத்துக்கொண்டால், அது வெறும் கடமையுணர்வு என்று நாம் ஒதுக்கிவிடலாம். அந்தத் தம்பதிக்கோ அதுவே அன்பின் பாதி.

இன்னொரு சொல் இதைவிட அழகானது. 'சின்தெங்' என்றால் நேர்ப்பொருள் நெஞ்சு வலி. அன்பாக இருப்பதற்கும் அதே சொல்தான். 'அவர் என்மேல் நெஞ்சு வலியாக இருக்கிறார்' என்று ஒரு மனைவி சொன்னால் கணவர் தன்னைத் தாங்குகிறார் என்று பொருள். அவள் படும் கஷ்டம் அவனுக்கு வலிக்கிறது, வலித்தால் தானே போய் அந்தச் சுமையில் கை வைப்பான் என்பது அதன் தர்க்கம். பினாங்கில் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களிடமும் தைவானிலும் வலி, பாசம் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது. 'மனைவிக்குப் பயப்படுகிறவன் ஆண்பிள்ளை, மனைவியை அடிக்கிறவன் பன்றி, நாய், மாடு' என்று தைவானில் ஒரு பழமொழியும் உண்டு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்களின் பக்கத்து வீட்டில் வளர்ந்த தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'ஐ லவ் யூ' என்று அந்தப் பெரியவர்கள் வாயால் வந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'சாப்பிட்டாயா' என்பதும், குடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் போடும் அதட்டலும் காதில் விழுந்திருக்கும். 'கத்தி வாய், டோஃபு மனசு' என்று இப்படிப்பட்டவர்களைச் சீனர்களே வர்ணிப்பார்கள். சொல் வெட்டும், உள்ளே மென்மை.

சரி, அன்பு செயலில் இருக்கிறது, செயல் நன்றிக்கடனாக மாறுகிறது, நன்றிக்கடன் இருவரையும் பிணைக்கிறது. இதில் மனநலத்துக்கு எங்கே கேடு வருகிறது?

பொறுமையில் வருகிறது. சீனத்தில் 'ரென்' என்று சொல்வார்கள். அந்த எழுத்தில் மேலே கத்தியின் கூர்முனை, கீழே இதயம். கத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பதுதான் பொறுமை. 'கசப்பை உண்பது' என்ற வழக்கு கஷ்டங்களைத் தாங்கும் திறனுக்குப் பாராட்டாகவே சொல்லப்படுகிறது. மாமியார் ஏசும்போது மருமகள் ரென். கணவர் வேலை போய் வீட்டில் முடங்கும்போது மனைவி ரென். வீட்டுக் கடனுக்காக பிடிக்காத வேலையில் பதினைந்து வருஷம் கிடக்கும் கணவரும் ரென்தான்.

இதைப் பெரிய அளவில் போற்றியதில் அரசுக்கும் பங்கு உண்டு. மாவோ காலத்தில் யாருக்கு எந்த ஊரில் வேலை என்பதை அரசு ஒதுக்கியது. கணவன் ஒரு மாகாணம், மனைவி இன்னொரு மாகாணம் என்று பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தவர்கள் ஏராளம். 1981ஆம் ஆண்டு விதிப்படிகூட, அப்படிப் பிரிந்திருப்பவர்களுக்குத் துணையைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு முறை 30 நாள் விடுப்பு என்றுதான் இருந்தது. அணு விஞ்ஞானி டெங் ஜியாசியன் கதை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1958இல் ஒரு நாள் தனக்கு வேலை மாற்றம் என்று மட்டும் மனைவி சூ லூசியிடம் சொன்னார். எங்கே, என்ன வேலை என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். 1964இல் சீனாவின் முதல் அணுகுண்டு வெடித்தது. 1986இல் டெங் புற்றுநோயால் இறந்தார். நாட்டுக்காகத் தன்னை ஒப்படைத்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் என் பார்வை சூ லூசி பக்கமே போகிறது. பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வேலையும் செய்த அந்தப் பெண் அத்தனை ஆண்டுகள் இரவில் என்ன நினைத்தபடி தூங்கியிருப்பார்?

அடக்கியது எங்கே போகும்? உடம்புக்குப் போகும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், சாங்ஷா நகரின் ஹுனான் மருத்துவக் கல்லூரியில் 100 நோயாளிகளைச் சந்தித்தார். அத்தனை பேருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருந்தார்கள். தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல், களைப்பு என்றே அவர்கள் சொன்னார்கள். உட்கார்ந்து விரிவாகப் பேசிப் பார்த்ததில் 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது தெரிந்தது. மாவோவின் அரசியல் களையெடுப்பான கலாசாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆன நேரம் அது. மனம் சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் அரசியல் அதிருப்தியாகவே பார்த்திருப்பார்கள். நரம்பு பலவீனம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, விடுப்பும் கிடைக்கும். உடம்பைச் சொன்னால் கேட்க ஆள் இருந்தது. அவர்களுடைய கதைகளைத் தோண்டப் போனால் வேலைத்தலச் சிக்கல், பிரிந்த குடும்பம், வாய்விட்டுச் சொல்ல முடியாத மனத்தாங்கல் என்று வந்துகொண்டே இருந்தது.

மனம் அடைபட்டுப் புழுங்குவதற்குச் சீனத்தில் 'மென்' என்று ஒரு எழுத்து இருக்கிறது. ஒரு கதவு, அதன் உள்ளே இதயம். இதைவிடச் சுருக்கமாக அந்த நிலையை யாராலும் எழுத முடியாது என்று நினைக்கிறேன். அப்படி இருப்பவரிடம் மற்றவர்கள் 'கொஞ்சம் மனசைத் திறந்து யோசி' என்று ஆறுதல் சொல்வார்கள். கதவைத் திறக்கும் பொறுப்பையும் உள்ளே மாட்டிக்கொண்டவர் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

அதற்காக, பொறுத்துப் போவது எல்லாமே நோய் என்ற முடிவுக்கு வருவதும் பிழை. மேற்கத்திய ஆலோசனைப் புத்தகங்களை அப்படியே தூக்கி வந்து 'மனசில் இருப்பதைக் கொட்டிவிடு' என்று எல்லோருக்கும் சொல்வது சில சமயம் கெடுதலாகவே முடிகிறது. 2007இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. மன அழுத்தம் தரும் ஒரு வேலைக்கு முன், நெருங்கியவர்களிடம் வெளிப்படையாக உதவி கேட்டு எழுதச் சொன்னபோது ஆசியப் பின்னணி உள்ளவர்களுக்கு அழுத்தம் கூடியது. தங்களுக்கு வேண்டியவர்களைப் பற்றி வெறுமனே நினைத்து எழுதியபோது குறைந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நிலைமை நேரெதிர். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற உணர்வே சிலருக்கு மருந்து. வாய்திறந்து கேட்டால் அடுத்தவருக்குச் சுமையாகிறோமே என்ற கவலை சேர்ந்துகொள்கிறது.

2013இல் உளவியலாளர்கள் போனி லெ, எமிலி இம்பெட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாக விஷயத்துக்கு வருகிறது. துணைக்காக எதையாவது விட்டுக்கொடுக்கும்போது உள்ளே வரும் எரிச்சலை மறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். உறவுகளை வைத்தே தன்னை யார் என்று வரையறுத்துக்கொள்பவர்களுக்கு அப்படி மறைப்பது பொய்யாகத் தோன்றவில்லை, அவர்கள் மனநிலையும் நன்றாகவே இருந்தது. தனிமனித உணர்வு மிகுந்தவர்களுக்கு அதே செயல் நடிப்பாகப்பட்டது, சோர்வும் வந்தது. இது சீனத் தம்பதிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை, ஆனாலும் சீன வீடுகளுக்குள் நுழைய ஒரு வாசல் தருகிறது. இம்பெட்டின் முந்தைய ஆய்வொன்றும் நினைவில் வைக்க வேண்டியது. துணை சந்தோஷப்பட வேண்டும் என்று விட்டுக்கொடுத்த நாட்களில் மனம் நன்றாக இருந்தது. சண்டை வரக் கூடாதே என்று விட்டுக்கொடுத்த நாட்களில் மனம் கெட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தியாகம்.

லியூவின் படிகள் முதல் வகை. தன் கணவன் உளியோடு போவதை சூ பார்த்தார், அவன் யாருக்காகப் போகிறான் என்று தெரிந்திருந்தது. செய்தவரும் பெற்றவரும் அதை அறிந்திருந்தார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. ஆறாயிரம் படிகளில் எத்தனையில் கால் பட்டது என்பது அந்த அன்புக்குக் கணக்கே இல்லை.

இரண்டாவது வகைக்கு 1990களின் கிராமப்புறச் சீனா சாட்சி. மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிலிப்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, 1995 முதல் 1999 வரை சீனாவில் ஆண்டுக்குச் சுமார் 2,87,000 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு 23. நகரத்தைவிடக் கிராமத்தில் மூன்று மடங்கு. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்களின் எண்ணிக்கைதான் அதிகமாக இருக்கும். அன்றைய சீனாவிலோ பெண்களின் விகிதம் 25 சதவீதம் அதிகம், முக்கியமாக இளம் கிராமத்துப் பெண்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்கள். அங்கே கணவனின் தாய் தந்தை, கணவனின் நிலம், கணவனின் ஊர். அவள் செய்ததெல்லாம் மருமகளின் கடமைக் கணக்கில் போனது, நன்றிக்கடனாக யார் தலையிலும் ஏறவில்லை. ஒரு பக்கம் மட்டும் கசப்பைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கிராமத்துப் பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கையில் தன் சம்பளம், மாமியார் வீட்டிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தூரம், கையெட்டும் இடத்தில் பூச்சிமருந்து இல்லை. மன ஆலோசனை மையங்கள் பெருகி இது நடக்கவில்லை. பொறுத்தே ஆக வேண்டும் என்ற இடத்தைவிட்டு வெளியே வர ஒரு வழி கிடைத்ததால் நடந்தது.

சட்டமும் இந்தக் கணக்கில் மெதுவாகத் தலையிட்டிருக்கிறது. 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 'கான்சிங்', அதாவது இருவருக்குமிடையிலான பாச உணர்வு, முறிந்துவிட்டதா என்பதையே விவாகரத்துக்கு அளவுகோலாக்கியது. பாசம் இருக்கிறதா இல்லையா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும்! 2016 மார்ச் முதல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அடியையும் பொறுமைக் கணக்கில் சேர்த்துவந்த வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் பேசியது பெரிய விஷயம். 2021 ஜனவரியில் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பு, ஒப்புதலோடு பிரிபவர்களும் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு பதிவு அலுவலக விவாகரத்துகள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மனம் மாறியவர்கள் அதில் எத்தனை, அலுத்துப்போய் விட்டவர்கள் எத்தனை என்று எண்ணிக்கை சொல்லாது.

அதே தொகுப்பில் வந்த இன்னொரு பிரிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றில் கூடுதல் சுமை தாங்கியவர் விவாகரத்தின்போது இழப்பீடு கேட்கலாம். 2021 பிப்ரவரியில் பெய்ஜிங்கின் ஃபாங்ஷான் வட்டார நீதிமன்றம் அப்படி ஒரு மனைவிக்கு 50,000 யுவான் கொடுக்கச் சொன்ன செய்தி வெளியானது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் ரூபாய். ஐந்து ஆண்டு வீட்டு வேலைக்கு இவ்வளவுதானா, பெய்ஜிங்கில் ஒரு ஆயா ஓராண்டில் இதைவிட அதிகம் சம்பாதிப்பாரே என்று இணையத்தில் பெரும் விவாதம் எழுந்தது. கோபம் நியாயமானது. ஆனால் எனக்குத் தொகையைவிட வேறொன்று பெரிதாகப்பட்டது. ஒரு பெண் வீட்டுக்குள் செய்தது வேலைதான் என்று அரசின் முத்திரையோடு ஒரு தாள் சொல்லிவிட்டது. அதைக் கணவர் வாயிலிருந்து கேட்டிருந்தால் அவர் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டாரோ என்னவோ.

முதுமையில் இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிறது. 'இளமையில் தம்பதி, முதுமையில் துணை' என்பார்கள். பக்கவாதமோ மறதிநோயோ வந்த துணையை எண்பது வயதில் தனியாகத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர்கள் சீனச் சமூகங்கள் எங்கும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வாயைத் திறப்பதில்லை. ஹாங்காங்கில் அப்படிப்பட்ட பராமரிப்பு துயரத்தில் முடிந்து நீதிமன்றம் வரை வந்த வழக்குகள் உண்டு. அந்த வீடுகளில் அன்பு இல்லாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது.

மருத்துவம் இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. சீனாவின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 6.8 சதவீதம். ஓராண்டுக்குள் அந்த நோய் இருந்தவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர்கள் 9.5 சதவீதம். போதுமான சிகிச்சை பெற்றவர்கள் வெறும் 0.5 சதவீதம். இளையவர்கள் வேறு வழியில் பதில் சொல்கிறார்கள். 2013இல் ஏறக்குறைய 1.35 கோடியாக இருந்த திருமணப் பதிவுகள் 2024இல் 61 லட்சமாகிவிட்டன. வீட்டு விலையும் வேலைப் பளுவும் காரணம்தான். அம்மா உண்ட கசப்பைப் பார்த்து வளர்ந்த பெண்களின் முடிவும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஒருவர் உழைத்ததை ஒப்புக்கொள்ளச் சீனத்தில் தயாராகவே ஒரு சொல் இருக்கிறது. 'சின்கு லெ'. ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். டாக்சி ஓட்டுநரிடம் சொல்வார்கள், பொட்டலம் கொண்டுவரும் பையனிடம் சொல்வார்கள், அலுவலகத்தில் தினமும் சொல்வார்கள். வீட்டுக்குள் மட்டும் அரிது. காரணம் அன்பின்மை இல்லை. நெருங்கியவருக்கு நன்றி சொல்வது அவரை வேற்றாளாக நடத்துவது போல என்ற எண்ணம். அதற்கும் 'ஜியன்வாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணவன் நன்றி சொன்னால் 'என்ன, நான் வெளியாளா' என்று மனைவி முறைப்பார். நன்றிக்கடனையே அன்புக்கு அடித்தளமாக்கிய மொழியில் நன்றியை வீட்டுக்குள் சொல்ல முடியாமல் போயிற்று.

அதனால்தான் அது வேறு வழிகளில் வெளிவர வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் முழு மீன் வந்ததும் அதன் கன்னத்துச் சதையை, இருப்பதிலேயே மென்மையான அந்தத் துண்டை, கணவர் குச்சியால் எடுத்து ஒன்றும் பேசாமல் மனைவியின் கிண்ணத்தில் வைப்பார். 'நீயே தின்னு, எனக்கு வேண்டாம்' என்பார் அவர். கணவர் இன்னும் கொஞ்சம் எடுத்து வைப்பார். முணுமுணுத்துக்கொண்டே அவர் சாப்பிடுவார்.